மதில்மேல் பூனை

'மதில்மேல் பூனை' என்பது நாம் நன்கறிந்த மரபுத்தொடர். இந்தப் பக்கம் குதிப்பதா, அந்தப் பக்கம் குதிப்பதா என்று முடிவெடுக்க முடியாத நிலையை அது குறிக்கும். சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய், அலோர் ஸ்டார் முதலிய ஊர்களின் தாமான்களில் மாலை வேளையில் நடந்து சென்றால், உண்மையான மதில்மேல் பூனைகளையே காணலாம். ஆனால், அங்கே தடுமாறுவது பூனை அன்று. எந்த வீட்டின் பின்புறம் மீன் கழுவிய நீர் வழிகிறது, எந்தப் பூந்தொட்டியில் மண் இளகிக் கிடக்கிறது என்பதை நன்கு அறிந்துதான் அது குதிக்கிறது. விரட்டுவதா, விட்டுவிடுவதா என்று தெரியாமல் நிற்பவர் வீட்டுக்காரரே.

பூனைக்குத் துன்பம் தராமல், அது நுழையக்கூடாத இடங்களுக்குள் நுழையாதபடி தடுக்க முடியுமா? முடியும். அதற்கு முதலில் பூனையைப் புரிந்துகொள்ள வேண்டும்.

தோட்டத்தில் துணை, தாமானில் தொல்லை

தென் கெடாவில் ரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடந்த காலத்தில், லயத்து வீடுகளில் பூனைக்கு ஒரு வேலை இருந்தது. அரிசி மூட்டையும் கோழிக்கூண்டும் இருந்த இடத்தில் எலிகள் இருந்தன. எலியைத் தேடிப் பாம்பும் வந்தது. இருட்டோடு எழுந்து பால்வெட்டுக்குப் போகும் குடும்பங்களுக்கு, வீட்டைச் சுற்றி எலியைப் பிடிக்கும் பூனை ஒரு காவலாளி போன்றது. அது யாருடைய பூனை என்று எவரும் கேட்டதில்லை. வீட்டைச் சுற்றித் திறந்தவெளி இருந்ததால், அது எங்கே கழிவு போட்டது என்பதும் பெரிதாகத் தெரியவில்லை.

பூனையின் இந்தப் பணிக்கு நம் நாட்டு வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1960-ஆம் ஆண்டில் சரவாக்கின் பாரியோ மலைப்பகுதியில் எலித்தொல்லை பெருகியது. சாலை வசதி இல்லாத அவ்விடத்திற்கு, பிரிட்டிஷ் அரச வான்படை விமானம் ஒன்று, வேறு பொருள்களோடு பூனைகளையும் வான்குடை மூலம் இறக்கியது. எலியை ஒழிக்க வானத்திலிருந்து பூனையை வரவழைத்த நாடு நம்முடையது!

காலம் மாறியது. ரப்பர்த் தோட்டங்கள் பல, செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் உருமாறின. செம்பனைத் தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்தக் கூகைகளுக்குக் கூடுகள் வைக்கிறார்கள். தோட்ட மக்கள் நகரத்து வரிசை வீடுகளில் குடியேறினார்கள். அங்கே ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். முற்றத்தில் சிமெண்டு, மண் என்பது பூந்தொட்டியில் மட்டும். பூனையோ மாறவில்லை. இடம் சுருங்கியதால், தோட்டத்தில் துணையாக இருந்த உயிர் தாமானில் தொல்லையாகத் தெரிகிறது.

ஒரு வீட்டில் நடப்பது

இப்படிப்பட்ட ஒரு வீட்டை மனத்தில் கொள்வோம். தலைப்பிரசவத்திற்காக மூத்த மகள் தாய்வீட்டிற்கு வந்திருக்கிறாள். அந்த வாரத்தில், கூரைக்கும் உட்கூரைக்கும் இடையிலிருந்து சின்னஞ்சிறு குரல்கள் கேட்கின்றன. ஓடு விலகிய இடைவெளி வழியாக நுழைந்த தெருப்பூனை ஒன்று அங்கே குட்டி போட்டிருக்கிறது. வாசலில் கழற்றி வைத்த காலணிகளில் சிறுநீர் நாற்றம். கறிவேப்பிலைச் செடியின் அடியில் கழிவு.

"நாளைக் காலையில் எல்லாவற்றையும் சாக்கில் போட்டுச் சந்தையில் விட்டுவிட்டு வருகிறேன். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீடு, அம்மா. பூனையால் நோய் வந்தால் என்ன செய்வது?" என்கிறார் தந்தை.

தோட்டத்தில் வாழ்ந்த பாட்டி ஒப்பவில்லை. "பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீடு என்பதால்தானப்பா நானும் சொல்கிறேன். குட்டி போட்ட தாயை விரட்டாதே" என்கிறார்.

இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. தந்தையின் அச்சம் வீணானதன்று. பாட்டியின் இரக்கமும் வீணானதன்று. ஆனால், தந்தை கண்ட தீர்வு தீர்வாகாது. பால்குடி மறவாத குட்டிகள் சந்தையில் பிழைப்பது அரிது. வாகனம், நாய், பசி ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று அவற்றை முடித்துவிடும். மேலும், ஒரு பூனை அகற்றப்பட்ட இடத்தில் உணவும் ஒதுங்கிடமும் அப்படியே இருந்தால், சில நாள்களில் வேறொரு பூனை அங்கே வந்து சேரும். பூனை போய்விடும், பூனை வந்த காரணம் போகாது.

பூனை ஏன் வருகிறது?

காரணம் இல்லாமல் பூனை எந்த வீட்டுக்கும் வருவதில்லை. உணவு, ஒதுங்கிடம், கழிவு போட ஏற்ற இளகிய மண், தன் வாசனை ஆகிய நான்குமே பெரும்பாலும் அதனை இழுக்கின்றன.

இவற்றுள் நாம் எளிதில் உணராதது வாசனை. பூனையின் மோப்ப ஆற்றல் நம்முடையதைவிடப் பல மடங்கு கூர்மையானது. தன் எல்லையைச் சிறுநீராலும், கன்னத்தை உரசுவதாலும் அது அடையாளம் செய்துகொள்கிறது. நாம் நீரூற்றிக் கழுவிய இடத்தில் நமக்கு நாற்றம் தெரியாது, பூனைக்குத் தெரியும். ஆகவேதான் அதே மூலைக்கு அது மீண்டும் மீண்டும் வருகிறது.

எனவே, முதல் வேலை விரட்டுவது அன்று, கவனிப்பது. ஒரு வாரத்திற்கு ஒரு குறிப்பேட்டில், பூனை எத்தனை மணிக்கு வந்தது, எந்த வழியாக வந்தது, எங்கே நின்றது, என்ன செய்தது என்று எழுதி வாருங்கள். பூனைகள் பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாக இருக்கும். அந்த நேரங்களில் கவனித்தால் காரணம் தானாகவே புலப்படும்.

தடுக்கும் வழிகள்

உணவு: குப்பைத்தொட்டியை இறுக மூடி, மூடியின்மேல் ஒரு செங்கல்லை வையுங்கள். மீன், கோழிக் கழிவுகளை நாளிதழில் சுற்றிக் கட்டி, குப்பை லாரி வரும் நாளில் மட்டும் வெளியே வையுங்கள். மீன் கழுவிய இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். நம் வீடுகளில் காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கம் உண்டு. அது நல்ல வழக்கமே. ஆனால், காக்கை உண்டு முடித்தபின் மிஞ்சிய சோற்றை அகற்றிவிட வேண்டும். மாலைவரை மதில்மேல் கிடக்கும் சோறு, பூனைக்கும் எலிக்கும் சேர்த்து வைத்த விருந்தாகிவிடும்.

மண்: காய்ந்து இளகிய மண்ணையே பூனை தோண்ட விரும்பும். செடிக்கு நாள்தோறும் நீரூற்றி மண்ணை ஈரமாக வைத்திருப்பது ஒரு வழி. தொட்டியின் மேற்பரப்பில் கூழாங்கற்களையோ தேங்காய் மட்டைத் துண்டுகளையோ பரப்பினால் பூனையால் தோண்ட முடியாது. இஞ்சி, மஞ்சள் நட்ட பாத்திகளில், மண்ணுக்குச் சற்றுக் கீழே கம்பிவலையைப் படுக்க வைக்கலாம். செடி வலையின் கண்கள் வழியே வளரும், பூனையின் கால் உள்ளே செல்லாது. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல்களின் மணம் பல பூனைகளுக்குப் பிடிப்பதில்லை. அவற்றைப் பரப்பிப் பார்க்கலாம். ஆனால் மணம் போனதும் மாற்ற வேண்டும்.

ஒதுங்கிடம்: காலணிகளைக் கதவுள்ள அடுக்கில் வையுங்கள். சமையலறைச் சன்னல்களுக்கும் குழந்தை தூங்கும் அறையின் சன்னல்களுக்கும் வலை அடியுங்கள். மழைக்காலத்தில், ஓட்டி வந்து நிறுத்திய மகிழுந்தின் சூடு பூனையை ஈர்க்கும். சில நேரங்களில் அது என்ஜின் பகுதிக்குள்ளேயே ஏறிப் படுத்துக்கொள்ளும். காலையில் வண்டியை எடுக்குமுன் என்ஜின் மூடியை இரண்டு முறை தட்டுங்கள். அந்த ஓசை ஓர் உயிரைக் காப்பாற்றக்கூடும்.

வாசனை: பூனை சிறுநீர் கழித்த இடத்தை முதலில் நீரால் கழுவி, பிறகு வினிகர் கலந்த நீரால் துடையுங்கள். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் நொதி கலந்த துப்புரவு நீர்மம் இன்னும் சிறப்பாக நாற்றத்தை அகற்றும். குளோரோக்ஸ் போன்ற வெளுப்பானை ஊற்றாதீர்கள். சிறுநீர் சிதையும்போது அதில் அம்மோனியா உண்டாகிறது. அது வெளுப்பானோடு சேர்ந்தால் மூச்சுக்குக் கேடான வாயு வெளிப்படும்.

நம்பிக்கையும் உண்மையும்

நம் தாமான்களில் மதிலோரத்திலும் வாசல் தூண்களின் அடியிலும் நீர் நிரப்பிய நெகிழிப் புட்டிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றைக் கண்டால் பூனை அஞ்சி ஓடிவிடும் என்பது நம்பிக்கை. ஜப்பானிலும் இதே வழக்கம் உண்டு. புதிய பொருளைக் கண்டு பூனை ஓரிரு நாள் தயங்கலாம். பழகியபின் புட்டியின் பக்கத்திலேயே படுத்துறங்கும். இதில் வேறோர் ஆபத்தும் இருக்கிறது. நீர் நிறைந்த புட்டி, குவிவில்லையைப்போல் சூரிய ஒளியை ஒரு புள்ளியில் குவிக்கும். அப்புள்ளியில் காகிதமோ சருகோ இருந்தால் தீப்பற்றக்கூடும். ஜப்பானியத் தீயணைப்புத் துறையினர் இதைப் பற்றி மக்களை எச்சரித்துள்ளனர்.

செய்யக்கூடாதவை

பாச்சை உருண்டை, மிளகாய்த்தூள், மண்ணெண்ணெய், எலிநஞ்சு, கொதிநீர் ஆகியவற்றைப் பூனையை விரட்டப் பயன்படுத்துவோர் உளர். பாச்சை உருண்டையில் உள்ள நாப்தலீன் பூனையின் இரத்த அணுக்களையும் கல்லீரலையும் கெடுக்கும். தவழும் குழந்தை எடுத்து வாயில் போட்டால் குழந்தைக்கும் அதே கேடு. மிளகாய்த்தூள் பூனையின் பாதத்தில் ஒட்டி, அது முகம் துடைக்கும்போது கண்ணுக்குச் செல்லும். எலிநஞ்சை உண்ட பூனை பல நாள் துடித்துச் சாகும். நஞ்சுக்கு நம் வீட்டுப் பூனை, பக்கத்து வீட்டுப் பூனை என்ற வேறுபாடும் தெரியாது.

இவை இரக்கமற்ற செயல்கள் மட்டும் அல்ல; சட்டப்படி குற்றங்களுமாகும். முன்பு, 1953-ஆம் ஆண்டின் விலங்குச் சட்டப்படி, விலங்கைத் துன்புறுத்தியவருக்கு நெடுங்காலமாக 200 ரிங்கிட் வரையே அபராதம் விதிக்க முடிந்தது. 2015-ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் நிலைமை மாறியது. இப்போது விலங்குக்குக் கொடுமை செய்பவருக்குக் குறைந்தது 20,000 ரிங்கிட், அதிகம் 100,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்படலாம். மூன்றாண்டுகள் வரை சிறைத்தண்டனையும் கிடைக்கலாம். 2018-இல் சிலாங்கூரில், சுயசேவைச் சலவைக் கடை ஒன்றின் துணி உலர்த்தும் இயந்திரத்துக்குள் ஒரு பூனை அடைக்கப்பட்டு மாண்டது. நாட்டையே உலுக்கிய அவ்வழக்கில் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

தந்தையின் அச்சத்திற்கு விடை

பூனையால் நோய் வருமா? வரலாம்; ஆனால் தடுக்கலாம். டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி சில பூனைகளின் கழிவு வழியே வெளியேறும். கருவுற்ற தாய்க்குப் புதிதாக அது தொற்றினால் வயிற்றில் வளரும் குழந்தையைப் பாதிக்கக்கூடும். எனினும், கழிவு வெளியேறியவுடன் அது தொற்றுவதில்லை. தொற்றும் தன்மையைப் பெற ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். ஆகவே, கழிவைக் கையுறை அணிந்து நாள்தோறும் அகற்றிவிட்டால் ஆபத்து பெரிதும் குறையும். கருவுற்ற பெண் அவ்வேலையைச் செய்யக்கூடாது; தோட்டவேலை செய்தால் கையுறை அணிந்து, பின் சவர்க்காரமிட்டுக் கைகழுவ வேண்டும். அரைவேக்காட்டு இறைச்சியாலும் கழுவாத கீரையாலும்கூட இந்த ஒட்டுண்ணி பரவும் என்பதை மறந்துவிடக்கூடாது.

இன்னொன்று வெறிநோய். 2015-இல் கெடா, பெர்லிஸ், பினாங்கு மாநிலங்களில் நாய்களிடையே வெறிநோய் கண்டறியப்பட்டது. இந்நோய் பூனைக்கும் வரக்கூடியது. அறியாத பூனையைக் கையால் பிடிக்கவோ மூலையில் முடக்கவோ முயலாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ, காயத்தை ஓடும் நீரிலும் சவர்க்காரத்திலும் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருந்தகத்திற்குச் செல்ல வேண்டும்.

அண்டை அயலாரோடு சேர்ந்து

ஒரு வீட்டார் மட்டும் முயன்றால் பூனை அடுத்த வீட்டுக்குப் போகும். தொல்லை இடம் மாறும். எனவே இது தெருவே சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

பூனைக்கு இரக்கம் காட்டுவதை நம் மலாய் அண்டை வீட்டார் பலர் சமயப் பண்பாகவே போற்றுகின்றனர். நம்மவரிலோ பூனை குறுக்கே போனால் சகுனம் சரியில்லை என்று முகம் சுளிப்போர் இன்றும் உண்டு. பக்கத்து வீட்டு மாக்சிக் பூனைக்குச் சோறு வைப்பதைக் குற்றமாகச் சொன்னால் பகைதான் வளரும். மாறாக, "மாக்சிக், நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே மூலையில் வைத்து, மிஞ்சியதை எடுத்துவிடலாமா? எங்களுக்கும் உதவியாக இருக்கும்" என்று பணிவாகக் கேட்கலாம். உணவு கிடைக்கும் நேரமும் இடமும் உறுதியாகிவிட்டால், பூனை குப்பைத்தொட்டியைக் கிளறுவது குறையும். அந்த மூலையில் மணல் நிரப்பிய பழைய தொட்டி ஒன்றையும் வைத்தால், கழிவுக்கும் இடம் கிடைத்துவிடும்.

எல்லாவற்றிலும் நிலையான தீர்வு கருத்தடை. பெண்பூனையின் சினைக்காலம் ஏறக்குறைய ஒன்பது வாரம்தான். ஓராண்டில் அது இரண்டு, மூன்று முறை குட்டி போடக்கூடும். அதன் குட்டியும் ஆறு மாதத்திற்குள் தாயாகும் பருவத்தை எட்டிவிடலாம். கருத்தடை செய்த பூனை இரவில் கத்துவதும் சண்டையிடுவதும் குறையும். ஆண்பூனை சிறுநீரைத் தெளித்து எல்லை குறிப்பதும் பெரும்பாலும் குறையும். அது தன் இடத்திலேயே வாழ்வதால், புதிய பூனைகள் எளிதில் வந்து குடியேறுவதில்லை. கருத்தடை செய்யப்பட்டதை அறிய, தெருப்பூனையின் காது நுனியைச் சிறிதளவு நறுக்கிவிடும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. நம் ஊரில் கருத்தடை பற்றிய விவரங்களைக் கால்நடை மருத்துவரிடமோ கால்நடை சேவைத் துறையிடமோ கேட்டறியலாம். ஒரு வீட்டுக்குச் செலவு மிகுதியாகத் தோன்றினால், தெருவார் பகிர்ந்துகொள்ளலாம்.

மீண்டும் அந்த வீடு

உட்கூரையில் குட்டிகள் இருக்கும்போது இடைவெளியை அடைத்துவிட்டால் என்ன நடக்கும்? தாய் வெளியே நின்று கதறும். குட்டிகள் உள்ளே பசியால் மாளும். எனவே, அந்த வீட்டார் காத்திருந்தனர். காலணி அடுக்குக்குக் கதவு வந்தது. கறிவேப்பிலைத் தொட்டியில் கூழாங்கற்கள் வந்தன. காலையில் கழிவை அகற்றும் வேலையைத் தந்தையே ஏற்றுக்கொண்டார். பின்கட்டில் ஓர் அட்டைப்பெட்டியில் பழந்துணியை விரித்து வைத்தார் பாட்டி. குட்டிகள் நடக்கத் தொடங்கியதும், தாய்ப்பூனையே அவற்றை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு கீழே இறங்கியது.

குட்டிகளுக்கு எட்டு வாரம் நிறைந்து பால்குடி மறந்தபின், விரும்பிக் கேட்டவர்களிடம் அவை ஒப்படைக்கப்பட்டன. தாய்ப்பூனைக்குக் கருத்தடை செய்யப்பட்டது. அதன் பிறகே தந்தை ஏணி வைத்து ஏறினார். உள்ளே எதுவும் இல்லை என்பதைக் கைவிளக்கால் இருமுறை பார்த்து உறுதிசெய்துகொண்டு, ஓட்டைச் சரியாக்கிக் கம்பிவலையால் இடைவெளியை அடைத்தார். கீழே, மகளின் குழந்தை தொட்டிலில் உறங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பூனை இன்றும் மதில்மேல்தான் உட்காருகிறது. அந்தியில் மாக்சிக் வீட்டு மூலையில் சோறு தின்கிறது. இந்த வீட்டுக்குள் குதிக்க அதற்குக் காரணம் எதுவும் இல்லை. அதை விரட்ட இந்த வீட்டாருக்கும் காரணம் எதுவும் இல்லை.

கருத்துணர் வினாக்கள்

1. தோட்டத்தில் துணையாக இருந்த பூனை தாமானில் தொல்லையாகத் தெரிவதற்குக் காரணம் என்ன?
2. பூனையை ஒரு வீட்டுக்கு ஈர்க்கும் நான்கு காரணங்களைக் குறிப்பிடுக.
3. தெருப்பூனையைப் பிடித்துச் சந்தையில் விடுவது ஏன் தீர்வாகாது? விளக்குக.
4. நீர் நிரப்பிய புட்டிகளை வெயிலில் வைப்பதால் ஏற்படக்கூடிய ஆபத்து யாது?
5. தந்தை, பாட்டி ஆகிய இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு என்று ஆசிரியர் கூறுவது ஏன்? உமது கருத்தை எழுதுக.
6. உங்கள் வீட்டுக்கோ பள்ளிக்கோ வரும் பூனையை ஒரு வாரம் கவனித்து, அது வரும் காரணத்தையும் நீங்கள் செய்யக்கூடிய மாற்றத்தையும் ஒரு பத்தியில் எழுதுக.